செவ்வாய் இருக்கு

“பொண்ணுக்குச் செவ்வாய் இருக்கா?”

எங்கள் வீட்டு ஹாலில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். காபி குடித்தார்கள், அம்மாவின் முறுக்கைப் பாராட்டினார்கள், ஜாதக நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

சூரியனிலிருந்து சராசரியாக 22.8 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுகிற, விட்டத்தில் பூமியில் பாதியளவே உள்ள ஒரு பாறைக் கோளம் ராமநாதபுரத்தில் ஒரு பெண்ணிடம் ‘இருக்கு’. இந்த வாக்கியத்தின் இலக்கணம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். சுகர் இருக்கு, பி.பி. இருக்கு என்று சொல்கிற அதே அமைப்பு. கிரகம் வானத்தில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது.

2024இல் ஓர் இலவச விண்காட்சி மென்பொருளைத் தமிழாக்கும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். பகலில் கம்பெனிக்கு பில்லிங் சாஃப்ட்வேர், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சூரியக் குடும்பம். வேலை எளிதானதுதான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் காலிக் கட்டம், அதை நிரப்ப வேண்டும். ‘மார்ஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘செவ்வாய்’ என்று அடித்தபோது கை ஒரு நொடி நின்றது. அக்காவின் ஜாதகத்தில் இருந்த சொல்லும் இதுதானே?

கலைச்சொற்களை நாம் அகராதியில் தேடுகிறோம், குழுக்களில் சண்டை போடுகிறோம், பட்டியலிடுகிறோம். ஒரு கவிதையைப் படிப்பதுபோல, இது என்ன சொல்கிறது, எங்கே நின்று சொல்கிறது என்று யாரும் படிப்பதில்லை. எனக்கு அப்படிப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல இடம் தேவிபட்டினம். ராமநாதபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல. பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. இலங்கைக்குப் போகும் முன் சனியின் தொல்லை நீங்க ராமர் நட்டவை என்பது தலபுராணம். ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவராத சாதாரணக் கற்கள். தண்ணீர் ஏறும்போது சில முங்கிவிடும். ஊர்ப்பெயரோடு ‘நவபாஷாணம்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். பழனி நவபாஷாணத்தைக் கேள்விப்பட்டவர்கள் அதை ஒன்பது விஷம் என்று புரிந்துகொள்வார்கள். இங்கே பாஷாணம் என்றால் வெறும் கல். வடமொழியில் கல்லாக இருந்தது சித்த மருத்துவத்தில் நஞ்சாகிவிட்டது. ஒரே சொல் ஓரிடத்தில் கல்லாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2010 ஜனவரி 15. மாட்டுப்பொங்கல், அன்றே தை அமாவாசை, அன்றே கங்கண சூரிய கிரகணம். இந்தியாவில் அந்தக் கிரகணம் நீண்ட நேரம் தெரிந்த இடங்கள் எங்கள் கரையில்தான், தனுஷ்கோடிப் பக்கம். நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், பொங்கல் லீவு. ஜோசியர் சொன்ன பரிகாரத்துக்காக அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் நவதானியப் பொட்டலத்தோடு தேவிபட்டினம் போனோம். கரையில் நிற்க இடமில்லை. தர்ப்பணத்துக்கு வந்தவர்கள் பாதி, கிரகணம் விட்டதும் குளிக்க வந்தவர்கள் பாதி.

மதியம் ஒன்றேகால் வாக்கில் வெளிச்சம் வடிந்தது. இருட்டவில்லை, வெயில் வெளிறிப்போன மாதிரி. ஒரு வேப்பமரத்தடியில் மண்ணெல்லாம் சின்னச் சின்ன வளையங்கள். இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாக மாறிச் சூரியனின் படத்தைத் தரையில் போட்டுக்கொண்டிருந்தன. கல்லூரியில் வாங்கிய சூரியக் கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தேன். அம்மா “பாக்காதடீ” என்றாள். அக்கா பார்த்தாள்.

“வளையல் மாதிரி இருக்குடா.”

கங்கணம் என்றால் கையில் அணியும் வளைதான். பஞ்சாங்கம் எழுதியவர்களுக்கும் அக்காவுக்கும் ஒரே உவமை தோன்றியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டி நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்: “விட்டுருச்சா தம்பி? விட்டுருச்சா?”

கிரகணம் ‘பிடிக்கும்’, அப்புறம் ‘விடும்’. சனியும் பிடிக்கும், ஏழரை வருடம் கழித்து விடும். தமிழில் வானம் ஒரு கை. கிரகம், கிரகணம் இரண்டுக்கும் வேர் வடமொழியில் ஒன்றே, பற்றுதல். இதைத் தெரிந்துகொண்டதும் தனித்தமிழ் ஆர்வமுள்ள நண்பர்கள் சொல்வார்கள்: அதனால்தான் ‘கோள்’ என்று எழுத வேண்டும் என்கிறோம். நானும் கோள் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் கெடு கேடு ஆவதுபோல, பெறு பேறு ஆவதுபோல, கொள் நீண்டு கோள் ஆகிறது. அதற்கும் பற்றுதல் என்றே பொருள். குறளின் ஒன்பதாவது பாட்டில் (ஒன்பது என்பது தற்செயல்தான்) கோள் என்பது ஐம்பொறிகள் ஒன்றைப் பற்றி உணர்கிற திறன். சம்பந்தரின் கோளறு பதிகமோ, கோள்களின் பிடி அடியாரைத் தீண்டாது என்று சொல்ல வந்த பதிகம். ஆக, கிரகத்தை எடுத்துவிட்டுக் கோளை வைத்தால் மாறுவது சட்டைதான், கை அதேதான்.

கிரேக்கர்களின் சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளானட் என்றால் அலைகிறவன். நிலையான மீன்களுக்கு நடுவே இடம் மாறுவதைக் கண்டு வைத்த பெயர். நம் சொல் அது என்ன செய்கிறது என்று சொல்லவில்லை, நம்மை என்ன செய்கிறது என்று சொல்கிறது. கரையில் நிற்கிற மனிதன் பயத்தோடு வைத்த சொல். இதை வைத்துக்கொண்டு நம் முன்னோருக்கு வானியல் தெரியாது என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு. தனித்தனிப் பெயர்களைப் பாருங்கள். சனைச்சரன் என்றால் மெதுவாகப் போகிறவன். சனிக்கு மந்தன் என்றும் பெயர். சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு இருபத்தொன்பதரை வருடம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை வருடம், மூன்று ராசிக்கு ஏழரை. நம்மைப் பயமுறுத்துகிற ஏழரை என்ற எண் பொறுமையாக வானத்தைப் பார்த்து எடுத்த அளவு. வெள்ளி வெளுப்பு, செவ்வாய் சிவப்பு, புதனுக்கு ‘அறிவன்’ என்று ஒரு பழைய பெயர். தனிப்பெயரில் கவனிப்பு இருக்கிறது, பொதுப்பெயரில் பயம் இருக்கிறது.

சங்க இலக்கியம் இன்னொரு வழியில் போயிருந்தது. அங்கே வானத்தில் இருப்பதெல்லாம் மீன். மின்னுவது மீன். பட்டினப்பாலை நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் பிரித்துச் சொல்கிறது. நாண்மீன் நாளைக் கணக்கிட உதவும் விண்மீன், கோண்மீன் நகர்கிற கோள். தேவிபட்டினம் மாதிரி மீன்பிடிக்கிற ஊரில் தலைக்கு மேலும் மீன், வலையிலும் மீன். இந்தச் சொல்லின் அழகு, அது எதையும் அதிகமாக உறுதி செய்வதில்லை என்பது. மின்னுகிறது, அவ்வளவுதான் தெரியும். அதனால்தான் காமெட்டுக்கு ‘வால்மீன்’ என்பதே எனக்கு மிகச் சரியான சொல். வால் நட்சத்திரம் என்றோ வால் விண்மீன் என்றோ சொன்னால், இன்றைய பொருளில் அதை ஒரு சூரியன் ஆக்கிவிடுகிறோம். அது பனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. இலங்கைத் தமிழர்களின் ‘வால்வெள்ளி’யும் நல்ல சொல்தான்.

இந்தக் கறார்த்தனம் இல்லாமல் போனதற்கு ‘விண்கல்’லை விட மோசமான உதாரணம் கிடையாது. விண்வெளியில் திரியும் சிறு கல்லும் விண்கல், வளிமண்டலத்தில் எரியும் கீற்றும் விண்கல், தரையில் விழுந்து அருங்காட்சியகத்துக்குப் போனதும் விண்கல். போதாததற்குச் செய்திச் சேனல்களில் அறுபது மீட்டர் அகலமுள்ள சிறுகோளும் விண்கல். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு 3 சதவீதத்தைத் தொட்டதும், என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘விண்கல்’ வந்து விழுந்தது. சில நாட்களில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யமானது. அது யாருக்கும் ஃபார்வர்ட் ஆகவில்லை. நான்கு வகை டேட்டாவை ஒரே வேரியபிளில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓடும், தப்பாக ஓடும்.

தப்பாக ஓடியதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2016 பிப்ரவரி 6, அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. தரையில் ஒரு பள்ளம். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்ததே காரணம் என்று முதலமைச்சரின் அறிக்கை வந்தது, ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. உலகச் செய்தியானது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரித்தான் இருக்கிறது என்றார்கள். என் ஆத்திரம் அந்தச் சொல்லின் மீதுதான். ‘விண்கல்’ என்றதும் கேள்விகள் நின்றுவிட்டன. வளாகத்தில் என்ன வைத்திருந்தார்கள், யார் வைத்தார்கள், வேலையில் இருந்த ஒரு மனிதர் எப்படிச் செத்தார் என்று கேட்க வேண்டிய இடத்தில் வானம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாடநூலில் இருக்கிற, அறிவியல் வாசனையுள்ள, புத்தம் புதிய சொல்தான் அது. ஒரு பழைய சகுனத்தின் வேலையைக் கச்சிதமாகச் செய்து முடித்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் புறநானூற்றின் 229ஆம் பாட்டை வைத்துப் பார்க்கலாம். கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதத்து நள்ளிரவில் ஒரு மீன் எரிந்து விழுகிறது. எந்த நாண்மீன் எங்கே இருந்தது, எது உச்சியில், எது சாய்ந்தது, எது எழுந்தது என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒரு லாக் ஃபைல் மாதிரி. அரசனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பயப்படுகிறார்கள். ஏழாம் நாள் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறக்கிறான். இந்தப் பாட்டில் வானத்துப் பொருளுக்கு வைத்த சொல் வெறும் மீன். அதில் நஞ்சே இல்லை. பயம் முழுக்கச் சுற்றியுள்ள வாக்கியங்களில் இருக்கிறது. நாட்றம்பள்ளியையும் கூடலூர் கிழாரையும் அடுத்தடுத்து வைத்தபோதுதான் எனக்கு இது தெளிவானது. சொல் பழையதா புதியதா, தமிழா வடமொழியா என்பது இரண்டாம் பட்சம். அது எந்த வாக்கியத்தில் வேலைக்கு அமர்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதற்காகச் சொல்லாக்கக் குழுக்களை விட்டுவிட முடியாது. ஆஸ்டராய்டுக்குச் சிறுகோள், டுவார்ஃப் பிளானட்டுக்குக் குறுங்கோள். சிறுமைக்கும் குறுமைக்கும் என்ன வித்தியாசம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் புளூட்டோவைக் கீழிறக்கியபோது பிரச்சினை அதன் அளவு அல்ல. தன் ஈர்ப்பாலேயே உருண்டையானதா, தன் பாதையில் மற்றவற்றை ஒதுக்கிவிட்டதா என்பவைதான் கேள்விகள். 1801இல் கண்டுபிடித்த சீரிஸைக் கோள் என்றார்கள், அப்புறம் சிறுகோள், இப்போது குறுங்கோள். சீரிஸ் அப்படியேதான் இருக்கிறது, 940 கிலோமீட்டர் சொச்சம். நம் இரண்டு சொற்களும் இந்தக் கதையை ‘சின்னது’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. ‘செயற்கைக்கோள்’ மட்டும் தப்பித்துவிட்டது. அதில் பிடிக்கிற கையும் இல்லை, யாருக்கும் பயமும் இல்லை. அறுபது வருடத்துக்கும் மேலாக நல்ல வாக்கியங்களில் உட்கார்ந்திருக்கிறது.

சொல்லை மாற்றாமல் வாக்கியத்தை மாற்றியவர் என்று நான் நினைப்பது பாரதியை. 1910இல் ஹாலி வால்மீன் வந்தபோது புதுச்சேரியில் இருந்த பாரதி ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று ஒரு கவிதை எழுதினார். சாதாரண என்பது அறுபது வருடச் சக்கரத்தில் அந்த ஆண்டின் பெயர். இந்தத் தலைப்பை வேண்டுமென்றே கேலியாக வைத்தார் என்று நான் நம்ப விரும்புகிறேன். தூமகேது, அதாவது புகையைக் கொடியாக உடையது. சிலப்பதிகாரத்தின் புகைக்கொடியும் அதுவே. அரசனைக் கொல்கிற, மழையை நிறுத்துகிற சொல். பாரதி அதைத் தூக்கிப் போடவில்லை. அதே பெயரில் அதைக் கூப்பிட்டு வரவேற்கிறார். வாலின் நீளத்தைச் சொல்கிறார், அது மிக மெல்லிய ஆவி என்கிறார், பூமியைத் தொட்டாலும் ஏழைகளுக்கும் தீங்கு செய்யாமல் போய்விடும் என்ற தொனியில் பேசுகிறார். சகுனத்தின் பெயருக்குக் கீழே அன்றைய வானியல் செய்தி. பஞ்சாங்கத்தில் இருந்த சொல்லை அவர் பத்திரிகை வாக்கியத்தில் உட்கார வைக்கிறார், அதன் விரல்கள் தளர்கின்றன.

அப்புறம் வரும் திருப்பத்தைத்தான் மேடைகளில் அதிகம் பேசுவார்கள். நம் நூல்களை நாமே மறந்துவிட்டோம், உன் இயல்பை அந்நியர் சொல்லித்தான் அறிகிறோம் என்ற ஆதங்கம். எனக்குப் பிடித்தது கடைசி. இந்த வால்மீனால் பாரதத்துக்கு நன்மைகள் விளையும் என்கிறார்களே, அது உண்மையா பொய்யா என்று கேட்டு நிறுத்திவிடுகிறார். கவிதையாகப் பார்த்தால் அது பலவீனமான முடிவு என்பேன். இவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டுக் கடைசியில் ஜோசியரிடம் போய் நிற்கிறார். ஆனால் நேர்மையான முடிவு. தீங்கு செய்யாது என்று தெரிந்த பிறகும் நல்லதாவது செய்யுமா என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய 2014 செப்டம்பர் 24 அன்று எங்கள் வீட்டில் அம்மா டிவி முன் கைதட்டினாள். மறுவாரம் ஒரு வரன் வந்தது. ஜாதகம் கேட்டார்கள், கொடுத்தாள்.

தேவிபட்டினக் கற்களுக்கு வருகிறேன். அவற்றில் ஏழு, கண்ணால் பார்க்க முடிகிற பொருள்களுக்கு உரியவை: சூரியன், நிலா, ஐந்து கோள்கள். இன்றைய பட்டியலில் சூரியன் விண்மீன், நிலா துணைக்கோள். பூமிக்குக் கல் கிடையாது, மற்ற ஒன்பதும் நிற்பது அதன் மேல்தான். மிச்சம் இரண்டு ராகு, கேது. இவற்றை மூடநம்பிக்கை என்று கடப்பதுதான் சுலபம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கடந்தேன். நிலாவின் பாதை, சூரியன் வானில் போகும் பாதைக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்கு அருகே நடந்தால்தான் கிரகணம். அந்த வெட்டுப்புள்ளிகளின் பெயர்தான் ராகு, கேது. அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 வருடத்தில் ஒரு சுற்று வருகின்றன, ராசிக்கு ஒன்றரை வருடம். அங்கே பொருள் எதுவும் இல்லை. தொலைநோக்கியைத் திருப்பினால் காலி இடம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கைக் கண்டுபிடித்து, அதற்குப் பாம்புத் தலையும் வாலும் கொடுத்து, கடைசியில் கல்லாகக் கடலில் நட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பதில் மிக நுட்பமான வானியல் அந்த இரண்டு கற்களில்தான் இருக்கிறது. 2010 தை அமாவாசையன்று சூரியனும் நிலாவும் சந்தித்தது ஏறுகிற வெட்டுப்புள்ளிக்கு அருகில். பாட்டியின் பாஷையில் அன்று பிடித்தது ராகு.

மென்பொருளில் அந்த வெட்டுப்புள்ளிக்கும் ஒரு வரி உண்டு. நான் ‘ராகு’ என்று நிரப்பினேன். எரியும் கீற்றுக்கு ‘எரிமீன்’, தரையில் கிடைப்பதற்கு ‘வீழ்கல்’, திரிவதற்கு மட்டும் ‘விண்கல்’ என்று போட்டவை சின்ன விவாதத்தோடு தேறிவிட்டன. ராகு மட்டும் மாட்டிக்கொண்டது. மதிப்பாய்வு செய்கிற நண்பர் எழுதினார்: “இது அறிவியல் மென்பொருள். ஏறுகணு என்று மாற்றவும்.” ஏறுகணு நல்ல சொல்தான். ஆனால் அது வந்தால் ராகு பஞ்சாங்கத்திலேயே இருந்துவிடும், ஏறுகணு மென்பொருளிலேயே இருந்துவிடும், இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஏழு பத்தியில் பதில் எழுதினேன். அவருக்குப் பொறுமை அதிகம். இன்னும் முடிவெடுக்கவில்லை.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த வாரம் செவ்வாய் பூமியிலிருந்து சுமார் 9.6 கோடி கிலோமீட்டரில் இருந்தது, அதற்கு அதுவே பக்கம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அக்காவும் நானும் மொட்டைமாடிக்குப் போனோம். மேற்கே வெள்ளி, அதற்குக் கொஞ்சம் தள்ளி மங்கலாகச் சனி, உயரத்தில் வியாழன், கிழக்கே செக்கச்செவேலென்று செவ்வாய். என் போனில் சோதனைப் பதிப்பு இருந்தது. அக்கா அதை வாங்கி வானத்தை நோக்கிப் பிடித்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர், எண்களைத்தான் முதலில் படிப்பாள். செவ்வாயைத் தொட்டாள். வகை: கோள். துணைக்கோள்கள்: 2. தொலைவு என்ற வரியில் சுழியங்களை விரலால் எண்ணினாள்.

“இம்புட்டுத் தள்ளியாடா இருந்துச்சு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திரையைத் தள்ளித் தள்ளி வேறெதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“ராகு எங்கடா?”

“இன்னும் அப்ரூவ் ஆகலக்கா.”